வெந்நீரில் கரைத்த பொடி

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து ஏழு தடவை. கழிப்பறை ஜன்னல் வழியே என் கிரேன் தெரிகிறது. அதில் மாற்று ஆள் உட்கார்ந்திருக்கிறான், 'மீசை' என்று கூப்பிடுவார்கள். கொக்கியை வெடுக்கென்று இழுக்கிறான், கம்பிக்கட்டு ஊஞ்சலாடுகிறது. பார்க்கப் பார்க்க எரிச்சல்.

சைட் மேனேஜர் போன் செய்தார். "ஏப்ரல் பதினஞ்சு வரைக்கும் பாக்குறேன். அப்புறம் அவரையே நிரந்தரமா போட்டுடுவோம். தப்பா நினைக்காதீங்க." தப்பாகத்தான் நினைக்கிறேன். பதினெட்டு வருஷம் அந்தக் கேபினில் இருந்தவன் நான். ஆனால் அறுபது மீட்டர் உயரம். ஏணியில் இறங்கவே கால் மணி நேரம் ஆகும். என் குடல் எனக்கு ஐந்து நிமிஷம்கூடத் தருவதில்லை.

மார்ச் 7

புற்று என்று வயிற்றில் முக்கால்வாசியை வெட்டி எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. நாலு வாய் சாப்பிட்டால் நெஞ்சு படபடக்கிறது, வேர்க்கிறது, பிறகு ஓட்டம்தான். குடலில் நல்ல பாக்டீரியா குறைந்துவிட்டதாம். அதற்கு ஒரு பொடி, தினம் ஒரு பாக்கெட்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் என் மனைவி கரண்டி, டம்ளர், துண்டு எல்லாவற்றையும் கொதிக்கவைக்கிறாள். செருப்பை மட்டும்தான் விட்டுவைத்திருக்கிறாள். ஒரு கிருமி வாசலைத் தாண்டக் கூடாது. நான் மட்டும் தினமும் கோடிக்கணக்கில் விழுங்க வேண்டும். ஏழு வாரமாக விழுங்குகிறேன். என்னத்தைக் கிழித்தது அந்தப் பொடி?

மார்ச் 10

எட்டு தடவை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 13, வியாழன்

உணவு ஆலோசகரிடம் போனோம். பொடியை எதில் கலக்குகிறீர்கள் என்று கேட்டார். இவள் பெருமையாகச் சொல்கிறாள்: "நல்லா தளதளன்னு கொதிக்கிற தண்ணியிலதாங்க. பச்சைத் தண்ணியே குடுக்குறதில்ல."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, அது உயிரோட இருக்குற பாக்டீரியா. அந்தச் சூட்டுல செத்துடும். காய்ச்சி ஆறவச்ச தண்ணியிலதான் குடுக்கணும். டிஸ்சார்ஜ் அன்னிக்கே சொல்லியிருப்பாங்களே."

"யாரும் சொல்லல" என்றேன்.

வராண்டாவுக்கு வந்ததும் வாய்க்கு வந்தபடி கத்தினேன். எட்டு வாரம். எட்டு வாரமா செத்த பொடியைக் குடிச்சிருக்கேன். உன் சுத்தத்தைத் தூக்கி உடைப்புல போடு. என் வேலை போகப்போகுது, உன்னாலதான். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவள் ஃபைல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

மார்ச் 16

டம்ளரை நீட்டி "இந்தச் சூடு சரியா?" என்கிறாள். மூன்று நாளாக அது ஒன்றுதான் பேச்சு. கேட்கும்போதெல்லாம் எரிந்து விழுகிறேன்.

மார்ச் 21, வெள்ளி

ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடினேன். ஃபைல் பையின் அடியில் நாலாக மடித்த ஒரு தாள். டிஸ்சார்ஜ் அன்று கொடுத்தது. மூன்றாவது வரி: பொடியைச் சூடான எதிலும் கலக்கக் கூடாது. கடைசியில், 'விளக்கத்தைக் கேட்டுக்கொண்டேன்'. அதன் கீழே என் கையெழுத்து.

அன்று இவள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நர்ஸ் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வருகிறது. மீசை என் சீட்டில் உட்கார்ந்து எடுத்த படத்தை யாரோ அப்போதுதான் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்து மிச்சமிருந்த வயிறும் எரிந்துகொண்டிருந்தது. நர்ஸ் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மடையன். வேறென்ன?

மார்ச் 22

சொல்லவில்லை. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். எதற்கு? பழி அவள் தலையில் இருந்தால் எனக்கு வசதி — அதுதானே?

ஏப்ரல் 3

மூன்று தடவைதான். பொடியின் வேலையா, உடம்பே பழகிக்கொண்டதா என்று சர்ஜனிடம் கேட்டேன். "ரெண்டும் இருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது" என்கிறார். இதைச் சொல்ல ஒரு டாக்டரா? அரை ஷிப்ட் போய்ப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

ஏறினேன். வழியில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. மேலே நாலு மணி நேரம். டப்பாவில் இவள் கட்டிக் கொடுத்ததை மூன்று தடவையாகப் பிரித்துச் சாப்பிட்டேன். வயிறு ஒருமுறை உருண்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன், அடங்கிவிட்டது. இறங்கும்போது மேனேஜர், "நாளைக்கும் நீங்களே வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், இவளிடம் தாளைப் பற்றிச் சொன்னேன். கையெழுத்தைப் பற்றியும்.

"தெரியும்" என்றாள், பாத்திரம் கழுவியபடியே. "நீங்க கத்துன அன்னிக்கே பையைக் குடைஞ்சு பாத்துட்டேன்."

தூக்கிவாரிப்போட்டது. கோபமும் வந்தது. "அப்பவே என் மூஞ்சியில வீசியிருக்க வேண்டியதுதானே?"

"ஆபரேஷன் முடிஞ்சப்ப தண்ணி கேக்கக்கூட உங்களுக்குக் குரல் வரல. வாய்க்கிட்ட காதை வச்சுத்தான் கேட்டேன். அன்னிக்கு வராண்டா முழுக்கக் கேட்டுது. கத்துறதுக்குத் தெம்பு வந்துருச்சேன்னு விட்டுட்டேன்." குழாயை மூடினாள். "இனிமே விட மாட்டேன்."