ஐந்தாவது பந்து இன்னும் என் கையில்தான்

அன்பு மகளுக்கு,

நேற்று சாயங்காலம் நம் போன் விளையாட்டில் நான்காவது பந்தும் படகில் இருக்கிற பானைக்குள் விழுந்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: நான், உன் அப்பா, உன் பெரியம்மா, கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்க வந்த கீழ்வீட்டுத் தையல்கார அக்கா. நான்கு பேரும் கடவுள் புண்ணியத்தில் சுகம். அப்பாவுக்கு மட்டும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது, வெந்நீர் கொடுத்திருக்கிறேன். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன். இந்தத் தாளை அப்பா படம் பிடித்து அனுப்புவார். போனில் சொன்னால் நீ சிரித்தே காரியத்தைக் கெடுத்துவிடுகிறாய்.

உனக்குத் தெரியாததில்லை, ஐந்து பந்தும் வரிசையாக விழுந்த உடனே படகு அக்கரைக்குக் கிளம்பிவிடும், திரும்பி வர வழி கிடையாது. நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் போட்டு முடித்தால் ஒரே படகு, இல்லாவிட்டால் ஆளுக்கொரு கரை. ஞாயிற்றுக்கிழமைக்குள் போகாதவர்கள் மறுபடி முதல் தீவிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி இருக்கும்போது நீ போன வாரம், "போம்மா, எனக்கு இந்த எறியிற வேலையே வராது, நீ மட்டும் போய்க்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. வராது என்று ஒன்று உண்டா? எனக்கே வந்திருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போனது ஐந்து வருஷம், எழுதப் படிக்கக் கற்றது அதற்கப்புறம் நானாகத்தான்.

இதுவரை எறிந்த இருநூற்று அறுபத்துமூன்று பந்துக்கும் நோட்டில் கணக்கு இருக்கிறது. காற்று எந்தப் பக்கம், விரல் ஈரமா காய்ந்ததா, விழுந்ததா இல்லையா, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் சொல்கிறேன், கேள். பாத்திரம் கழுவிய கையோடு உட்காராதே, ஈர விரலால் மட்டும் எனக்குப் பதினோரு பந்து போயிற்று. படகின் கொடி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம்தான் பந்தும் இழுபடும், மாடியில் துணி காயப்போடுகிறவளுக்கு இது தெரியாதா, அதனால் கொடிக்கு எதிர்ப்பக்கமாக ஒரு பானை அகலம் தள்ளிக் குறி வை. பானையைப் பார்க்காதே, படகின் மூக்கைப் பார். மூக்கு மேலே ஏறத் தொடங்கும்போது திரையில் விரலை வைத்தால், பந்து போய்ச் சேரும் நேரத்துக்குப் படகு சமமாக நிற்கும். உன் தப்பு என்னவென்றால் ரயிலில் நின்றுகொண்டே ஆடுகிறாய், விரலை வைத்தால் எடுப்பதே இல்லை, பதினான்கு பந்தும் பானையைத் தாண்டித்தான் போயின, நானே எண்ணினேன்.

எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதுதான் பெரிய சங்கடம். நோட்டைப் புரட்டிப் பார்த்ததில், நான் வாய்க்குள் முணுமுணுத்த நாட்களில்தான் பந்து விழுந்திருக்கிறது. "வீட்டில் இருப்பவரைக் காப்பாற்று, வெளியில் இருப்பவளைக் காப்பாற்று" என்று தினமும் வேண்டுவேனே, அதைச் சொல்லி முடித்து விரலை எடுத்தால் அளவு சரியாக இருக்கிறது. நேற்று என் முதல் பந்து விழுவதற்கு முன்னால் இதைச் சொன்னதும் உன் அப்பா, "கடவுளுக்கு வேற வேலையே இல்லையா, உனக்குப் பந்து பொறுக்கிப் போடணுமா? முப்பது வருஷம் பஸ் ஓட்டின கை இது, குடு இப்படி" என்று பிடுங்கிக்கொண்டு பதினாறு எறிந்தார், பதினாறும் தண்ணீரில். தையல்கார அக்கா, "அண்ணே, பேசாம நீங்களும் கும்பிட்டுட்டே போடுங்க" என்றாளே பார்க்கலாம், பெரியம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. எனக்கும் முதலில் உறுத்தத்தான் செய்தது. அப்புறம் யோசித்தேன், நான் பந்து விழ வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லையே, உங்களைத்தானே காப்பாற்றச் சொன்னேன். நீயும் அதே அளவில் எதையாவது சொல்லிக்கொள், அதையே சொன்னால் இன்னும் நல்லது.

இப்போது எல்லோரும் ஐந்தாவதையும் போடு போடு என்று என் உயிரை வாங்குகிறார்கள். நான் போடவில்லை. போனில் நீ "சாப்பிட்டேன், தூங்கினேன், வைக்கட்டுமா" என்று மூன்று பேச்சில் முடித்துவிடுகிறாய். விளையாட்டில் அந்தத் தீவில் இரண்டு பேரும் மீன் பிடித்துக்கொண்டே ஒருவருக்கொருவர் எழுதும்போதுதான் உன் மேலதிகாரி திட்டியதும், அறையில் தனியாக அழுததும் வெளியே வந்தது. நீ இல்லாத கரையில் எனக்கு என்ன வேலை. உனக்கு விழவில்லை என்றால் நானும் முதல் தீவுக்கே வருகிறேன், தீவில் எட்டு மாதமாக வளர்த்த தோட்டம் போனால் போகட்டும். ஆனால் விளையாட்டே அலுத்துப்போய்த்தான் அப்படிச் சொன்னாய் என்றால் மறைக்காமல் சொல்லிவிடு, இரண்டு நாள் வருத்தப்படுவேன், அப்புறம் சரியாகிவிடும்.

கடவுள் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நில்.

இப்படிக்கு,
உன் அம்மா

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, சீக்கிரம் பதில் எழுது.