உள்நாட்டுப் போரில் போன பல்

ஒஹாயோ,
மே 19, 2006

அன்புள்ள ராக்ஸானுக்கு,

நானும் மார்லியும் சுகமாக இருக்கிறோம், என் முன்பல் ஒன்றைத் தவிர. அது பாதி உடைந்துவிட்டது. அடிதடியோ விபத்தோ என்று குவைத்தில் உட்கார்ந்து கவலைப்படாதே. நம் மகளின் வரலாற்றுப் பாடத்தைக் கடித்துவிட்டேன், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை காலை டயர் கடைக்குக் கிளம்பும் நேரம், ஒரு கோப்பை காபி மிச்சமிருந்தது. கூடச் சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். ஃபிரிட்ஜ் மேல் துணி மூடிய ஒரு தட்டு. உள்ளே சதுரம் சதுரமாக பிஸ்கட், ஒவ்வொன்றிலும் வரிசையாகத் துளைகள். அப்பாவுக்காகச் சுட்டு வைத்திருக்கிறாள் என்று உருகிப்போனேன். ஒன்றைக் காபியில் ஊறவைத்துத் தின்றேன். ருசி என்று ஒன்றும் இல்லை. இருந்தாலும் பெற்ற பிள்ளை செய்ததாயிற்றே. அடுத்ததை ஊறவைக்கப் பொறுமையில்லாமல் அப்படியே கடித்தேன். 'டக்' என்றது. பிஸ்கட்தான் உடைந்தது என்று சந்தோஷப்பட்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நீ ஜனவரியில் போனதிலிருந்து மார்லி வரலாற்றுக்கு இரண்டு கட்டுரைகள் எழுதிக் கொடுக்கவே இல்லை. தேறாவிட்டால் ஜூன் மாதம் மற்ற பிள்ளைகளோடு பட்டம் வாங்க முடியாது என்று பள்ளியிலிருந்து சொல்லிவிட்டார்கள். அந்த நாளுக்காகத்தான் நீ லீவு கேட்டு வைத்திருக்கிறாய். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இங்கே மழை பெய்ததைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். கடைசியில் ப்ரூயிட் டீச்சர் ஒரு வழி விட்டார்: பருவ முடிவுக்கு சொந்தக் கற்பனையில் ஏதாவது செய்து காட்டட்டும், நன்றாக இருந்தால் தேர்ச்சி. நூற்று நாற்பது வருடம் முன்னால் நம் நாட்டில் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில் ஒரு சிப்பாயின் ஒரு நாள் சாப்பாட்டை மார்லி எடுத்துக்கொண்டாள். "அம்மா அங்க பட்டாளத்துக்கு சமைக்கிறாங்க, நான் இங்க சமைக்கிறேன்" என்றாள். மாவு, தண்ணீர், உப்பு. சுட்டு, நாள் கணக்கில் காயவைத்திருக்கிறாள். வகுப்பில் காட்ட வேண்டிய நாளும் அந்தச் செவ்வாய்தான்.

சத்தம் கேட்டு வந்தவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பா, ஹோம்வொர்க்க நாய் தின்னுடுச்சுன்னு சொல்றவனையே அந்த டீச்சர் நம்ப மாட்டாங்க. நம்ம வீட்டுல நாய்கூட இல்லையே!" என்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. நான் காற்றுப் போகும் வாயோடு, கடையில் வேறு பிஸ்கட் வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் என் உள்ளங்கையில் இருந்த பல்லைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஒண்ணும் வாங்க வேணாம். பல்லை எடுத்து சட்டைப் பையில போடு. நீயும் வர்ற" என்றாள்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்குக் கும்பிடு போட்டவன் நான். டயர் கறை படிந்த சட்டையோடு அந்தப் பிள்ளைகள் முன்னால், தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். மார்லி கையில் காகிதமே இல்லை. "சிப்பாய்ங்க இதுக்கு வச்ச பேரு பல்லுடைப்பான். பொறுமைசாலிங்க காபியில ஊறவைப்பாங்க. உள்ள இருக்கிற புழு மேல மிதக்கும், வழிச்சுப் போட்டுட்டு குடிப்பாங்க. அவசரக்காரங்க கதி என்னன்னா... அப்பா, வாயத் திற" என்றாள். திறந்தேன். பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், நீங்க வடக்கு பட்டாளமா, தெற்கு பட்டாளமா?" என்றான். எந்தப் பக்கம் சோறு போடுகிறார்களோ அந்தப் பக்கம் என்றேன். சிரிக்கத் தெரியாதவர் என்று பெயரெடுத்த ப்ரூயிட் டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நீ எங்கே இருக்கிறாய் என்று அவருக்குத் தெரியும். "போர்னு ஒண்ணு வந்தா, வீட்டுல இருக்கிறவங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம், மிஸ்டர் ஸ்ட்ரூப்?" என்று கேட்டார். மார்லியும் என்னையே பார்த்தாள். "பொண்ணு சுட்டதைக் கடிக்கிறதுதான் டீச்சர்" என்றேன். வகுப்பே சிரித்தது. மார்லியும் சிரித்தாள், ஆனால் பார்வையை உடனே எடுக்கவில்லை.

இன்று முடிவு வந்துவிட்டது. பி கிரேடு. தேறிவிட்டாள், ராக்ஸான்! வண்டியில் உட்கார்ந்து பெரிய மூச்சு விட்டேன், பல் சந்து வழியாக விசிலே வந்தது. ஜூன் பத்தாம் தேதி தொப்பியும் அங்கியுமாக மேடை ஏறுவாள். லீவை எவனுக்கும் விட்டுக்கொடுக்காதே.

இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சிலர் பிஸ்கட் மேலேயே முகவரி எழுதி வீட்டுக்கு அனுப்பினார்களாம். மார்லியும் அப்படி ஒன்றை உனக்கு அனுப்புகிறாள். தயவுசெய்து கடிக்காதே. அவள் பட்டம் வாங்கும் நாள் போட்டோவில் நம் இருவரில் ஒருவருக்காவது முழுப்பல் வேண்டும். பத்திரமாக வந்து சேர்.

டீச்சர் கேட்டதற்கு அந்த வகுப்பில் நான் சொல்லாத பதில் ஒன்று உண்டு. காலையில் இன்னும் உனக்கும் சேர்த்து இரண்டு பேருக்குத்தான் காபி போடுகிறேன்.

உன்,
டெல்பர்ட்