தாழ்ப்பாள் சாவில் சந்தேகம்

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் போன வாரம் காலை ஏழரை மணிக்கு இயற்கை எய்தியது. அப்பா அந்த இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு, உள்ளே போகிறவர்கள் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அம்மா பாடினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை மூடியவர்தான், இன்னும் திறக்கவில்லை.

சாவில் சந்தேகம் இருக்கிறது. அப்போது உள்ளே இருந்தது நத்தை. (உனக்குத் தம்பி, எனக்கு நத்தை.) தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தில் அப்படி அழுதான். கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. ஷூவைக் கவிழ்த்துத் தட்டாமல் காலை விடுவதில்லை. நாற்காலியைத் தடவிவிட்டுத்தான் உட்காருகிறான். தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிறான். தட்டில் பாதி அப்படியே இருக்கிறது. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறானாம்.

ஸ்கூலில் எவனோ மிரட்டுகிறான் என்று அம்மா சொன்னாள். விசாரணையை நான் ஏற்றுக்கொண்டேன். என்னை விட்டால் இந்த வீட்டில் வேறு யாருக்கு மூளை இருக்கிறது? முதல் குற்றவாளி, அவன் பக்கத்தில் உட்காரும் கண்ணாடிக்காரன். அநியாயத்துக்கு நல்லவன் மாதிரி முகம். என் அறிக்கையைக் கேட்டதும், மாசக் கடைசியில் இவனை வேறு ஸ்கூலில் சேர்ப்பதாக அம்மா முடிவு பண்ணிவிட்டாள். எனக்கு ஒரே பெருமை.

கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று நேற்று மதியம் அவன் வகுப்பு ஜன்னல் பக்கம் ஒளிந்து நின்றேன். கண்ணாடிக்காரன் தண்ணி பாட்டிலை நீட்டினான். நத்தை வாங்கி மடமடவென்று குடித்தான். மோந்து பார்க்கவில்லை. ஷூவைத் தட்டாமல் மாட்டினான். பெஞ்சைத் தடவாமல் உட்கார்ந்தான். ஏதோ சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை மாசம் ஆச்சு என்று யோசித்தேன், தெரியவில்லை.

ஷூவுக்குள் ஈரக் காகிதம் வைத்தது நான். நாற்காலியில் பசை, தண்ணீரில் உப்பு, எல்லாம் நான்தான். தாழ்ப்பாள் ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் நானே. கதவு திறந்துகொண்டால் சிரிக்கலாம் என்று நினைத்தேன்க்கா. அவ்வளவுதான் நினைத்தேன்.

இன்று காலை அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். என் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான். புதுத் தாழ்ப்பாளை நானே மாட்டினேன். அவன் அதைப் போட்டுவிட்டுக் கயிற்றையும் சேர்த்துக் கட்டுகிறான்.

சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்ததும் உள்ளதைச் சொல்லிவிடுவேன். உனக்கு எழுதிவிட்டதால் இனி நழுவ முடியாது. கண்ணாடிக்காரனை விட்டு அவனைப் பிரிக்கக் கூடாது.

நீ ஒரு தடவை தம்பிக்கு போன் பண்ணு. நான் கேட்ட மன்னிப்பு விளையாட்டில்லை என்று நீ சொல்லேன். உன்னையாவது நம்புவான்.

இப்படிக்கு,
வீட்டிலேயே இருந்த குற்றவாளி,
உன் பெரிய தம்பி