இரண்டே முக்கால் பேருந்து

ஜூன் 9, திங்கள்

இன்றும் அடித்துக்கொண்டாள்.

இரண்டு நாற்பதுக்கு வடக்குப்பட்டு நிறுத்தத்தில் கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்குகிறேன். மனைவி வேல்விழியின் கையைப் பிடித்தபடி மகள் நாச்சியார் நிற்கிறாள். என் முகத்தைப் பார்க்கிறாள். உடனே கையை மடக்கித் தன் காதோரத்தில் — ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டே முக்காலுக்கு வேல்விழியின் பேருந்து வந்துவிடும். எனக்கு முதல் ஷிப்ட், அவளுக்கு இரண்டாவது. குழந்தையைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் நாங்களே கேட்டு வாங்கிய ஏற்பாடு. ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு மாற ஐந்து நிமிடம்.

மகளுக்கு ஆறு வயது. ஆட்டிசம் என்பது மூன்று வயதில் தெரிந்தது. அதற்குப் பழகிவிட்டோம். இந்த அடி புதிது. மார்ச்சில் தொடங்கியது.

என்னைப் பார்த்தால் அடித்துக்கொள்கிறாள். எழுதிப் பார்த்தால் சிறியதாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

ஜூன் 11, புதன்

ஸ்ரீபெரும்புதூரில் மனநல மருத்துவர். சாயங்காலம் நான் மட்டும் அழைத்துப் போனேன். கோப்பைத் திறந்தார், ஆட்டிசம் சான்றிதழைப் பார்த்தார், மூடினார். நாச்சியாரைப் பார்த்தாரா? நினைவில்லை.

"ஆட்டிசம் புள்ளைங்க இப்டித்தான் சார். தெரபிக்குப் போங்க."

ஜூன் 13, வெள்ளி

அதே தெருவில் தெரபி மையம். டீச்சர் நல்ல பெண். "நாங்க பேச்சும் கைப்பயிற்சியும்தான் சார் பாக்குறோம். இது பயம் மாதிரி தெரியுது. மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க."

அந்த மருத்துவருக்கும் இந்த மையத்துக்கும் நடுவில் ஒரு பேக்கரி. அங்கே நின்று நாச்சியாருக்கு பன் வாங்கிக் கொடுத்தேன். மேல்தோலை மட்டும் உரித்துத் தின்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

கறி வாங்கிக்கொண்டு திரும்பினேன். நாச்சியார் வாசலுக்கு வந்து என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். அடி இல்லை. விடுமுறை என்பதால் இருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

வேலையில் ஒரு தாள் உண்டு. பழுது வந்த பாகத்துக்கு மூலக் காரணம் எழுத வேண்டும். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு இறங்க வேண்டும். 'மெஷின் அப்படித்தான்' என்று எழுதினால் சூப்பர்வைசர் சிவசங்கர் சார் தாளை அப்படியே திருப்பி அனுப்புவார்.

என் மகளுக்கு மட்டும் முதல் 'ஏன்'னிலேயே நின்றுவிடுகிறார்கள். ஆட்டிசம். கையெழுத்து.

நானும் அப்படித்தானே நின்றிருக்கிறேன்? அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை. கையெழுத்து.

ஜூன் 18, புதன்

அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான மனநல மருத்துவர் புதன் காலை மட்டும் பார்க்கிறாராம். எனக்கு ஷிப்ட். வேல்விழி தனியாகக் கூட்டிப் போனாள். மருத்துவரைப் பார்க்காமலே திரும்பினாள்.

நிறுத்தத்தில் அந்த ஐந்து நிமிடத்தில் சொன்னாள்: "நாலு மணி நேரமா நின்னோம். முன்னால இன்னும் பதினோரு பேரு. இவ காத பொத்திக்கிட்டு தரையில உக்காந்துட்டா. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிட்டு, வந்துட்டேன். வேற என்ன செய்ய?"

பேருந்தில் ஏறினாள். நாச்சியார் அடித்துக்கொண்டாள்.

ஜூன் 20, வெள்ளி

எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரம்மா சின்னப்பொண்ணு, தண்ணீர் பிடிக்கும்போது:

"இன்னா நைனா, புள்ள காதாண்ட வீங்கிக் கீது. அடிக்கிறியா?"

"அவளே அடிச்சிக்கிறாம்மா."

"அதான் பாக்குறேன். ஒன்னக் கண்டாதான அடிச்சிக்குது."

குடம் நிரம்பி வழிந்தது. ஒருநாளும் நான் கை ஓங்கியதில்லை — இதை யாரிடம் நிரூபிப்பது?

ஜூன் 25, புதன்

இந்த முறை வேல்விழி விடியற்காலையிலேயே அரசு மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறாள். மருத்துவர் பார்த்தார். இருபது நிமிடம் நாச்சியாரோடு தரையில் உட்கார்ந்திருந்தாராம். அடுத்த புதன் அப்பாவும் வர வேண்டும், இருவரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றாராம்.

சேர்ந்து. நாங்கள் சேர்ந்திருப்பது ஞாயிறு மட்டும்.

அவருக்கும் என் மேல் சந்தேகமோ.

ஜூன் 30, திங்கள்

சிவசங்கர் சாரிடம் புதன் லீவு கேட்டேன். எப்போதும்போலப் பொண்ணுக்குக் காய்ச்சல் என்றேன்.

"இன்னாப்பா, ஒம் பொண்ணுக்கு மாசத்துல நாலு காய்ச்சலா? அடுத்த காய்ச்சல் எப்பன்னு சொல்லிரு, நான் ப்ளான்ல போட்டுக்கறேன்."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சொன்னேன். ஆட்டிசம். மனநல டாக்டர். காய்ச்சல் எல்லாம் பொய்.

லீவுப் புத்தகத்தை இழுத்துப் புதன்கிழமையைக் குறித்துக்கொண்டார்.

"இத சொல்றதுக்கு இன்னாய்யா வெக்கம்? போய்ட்டு வா."

முதுகலை வரை படித்தவன் நான். ஆட்டிசம் என்ற ஒரு வார்த்தையை வெளியே சொல்ல மூன்று வருடம்.

ஜூலை 2, புதன்

மூவரும் ஒரே பேருந்தில். நாச்சியார் நடுவில். ஒரு கையில் என் மணிக்கட்டு, மறுகையில் அவள் அம்மாவின் மணிக்கட்டு. சத்தத்திலும் நெரிசலிலும் ஒருமுறைகூட அடித்துக்கொள்ளவில்லை. எனக்குக் கோபமாகக்கூட வந்தது — இன்று பார்த்து ஒன்றும் செய்யாவிட்டால் மருத்துவர் எப்படி நம்புவார்?

அவர் நம்பினார். கேள்விகள் எளிமையானவை.

"ஞாயித்துக்கெழம வெளிய போய்ட்டு வந்தா அடிச்சிக்கிறாளா?"

"இல்ல."

"மார்ச்சுல என்ன மாறுச்சு?"

யோசித்தோம். வேல்விழிதான் சொன்னாள். முன்பெல்லாம் என் பேருந்து இரண்டே காலுக்கே வரும். வீட்டில் மூவரும் சாப்பிடுவோம். பிறகுதான் அவள் கிளம்புவாள். மார்ச்சில் கம்பெனி பேருந்து வழியை மாற்றியது. அன்றிலிருந்து சாலையோரம்தான்.

"அப்பா எறங்குனா அம்மா காணாம போய்டுவாங்க," என்றார் மருத்துவர். "அவ உங்களப் பாத்து பயப்படல சார். நீங்க வந்தா அடுத்தது என்னன்னு அவளுக்குத் தெரியும்."

வேல்விழி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

இதற்குப் பெயர் பதற்றம் என்றார். ஆட்டிசம் இருக்கும் குழந்தைக்கும் பயம் வரும், அதற்குத் தனி வைத்தியம் உண்டு என்றார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரச் சொன்னார். அன்றன்றைக்கு நடக்கப்போவதைப் படமாகக் காட்டச் சொன்னார்: அப்பா வருவது, சாப்பாடு, அம்மா போவது, அம்மா திரும்புவது. நான்காவது படத்தை ஒருநாளும் விட்டுவிடக் கூடாது.

மூன்று மாதம் ஐந்து நிமிடத்தில் ஒரு குழந்தையைக் கைமாற்றினோம். பாகத்தை அடுத்த ஆளிடம் நகர்த்துவதுபோல. பழுதை அவளிடம் தேடினோம்.

ஜூலை 4, வெள்ளி

மருத்துவர் சொன்னதையெல்லாம் சிவசங்கர் சாரிடம் சொன்னேன். அவர்: "கூட்ரோடு வரைக்கும் போற கம்பெனி பஸ் மொதல்ல கெளம்புது. அதுல ஏறிக்கோ. அங்கேர்ந்து சைக்கிள்ல போய்டு. நான் டிரான்ஸ்போர்ட்ல பேசிக்கறேன்."

ஜூலை 8, செவ்வாய்

இரண்டே காலுக்கு வீட்டில். அடித்துக்கொண்டாள். ஐந்து முறை. படங்களைக் கிழித்துவிட்டாள். வேல்விழி மறுபடி வரைந்தாள். அவள் வரையும் பேருந்து ரொட்டித்துண்டு மாதிரி இருக்கிறது.

ஜூலை 12, சனி

இரண்டு முறை.

ஜூலை 16, புதன்

மருத்துவமனை வரிசையில் எங்களுக்குப் பின்னால் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரு அம்மா, மடியில் மகளோடு. "இங்க பாத்தா சரியாவுதாங்க?" என்று கேட்டாள். எதைச் சரி என்பது? "இங்க புள்ளையப் பாக்குறாங்க," என்றேன்.

ஜூலை 24, வியாழன்

சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே போனேன். நாச்சியார் என்னைப் பார்த்தாள். கை மேலே போனது. காதருகே நின்றது. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். வேல்விழி மூன்று தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஓங்கிய கையை இறக்கி, என் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.