நான்காவது மருந்துக்குக் கத்திய கணினி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

நான் புரோகிராம் எழுதும் மருத்துவமனையில் நேற்று ஒரே கொண்டாட்டம். நோயாளிக்கு ஒவ்வாத மருந்தை எழுதினால் கணினி எச்சரிக்க வேண்டும். பழைய விதியோ முதல் மருந்தை மட்டும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடும். எழுதிய மருந்துகளை ஒன்றுவிடாமல் சலித்து, ஒவ்வாதது ஒன்றே ஒன்று இருந்தாலும் கத்தும்படி ஃபில்டர் போட்டு மாற்றினேன். நேற்று ஒரு கர்ப்பிணிக்கு எழுதிய நான்காவது மருந்துக்குக் கத்தியது! டாக்டர் உடனே வேறு மருந்து கொடுத்தார்.

நர்ஸக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டார். "ரெண்டு உசுருடி! உன் கம்ப்யூட்டருக்குச் சுத்திப் போடணும்!"

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது ஃபோனை அடுப்படியிலேயே வையுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டால் போதும்.

மேனேஜர் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உங்கள் செல்லம்