சனிக்கிழமைகளில் நீ யாருடையவள்?

என் ராணிக்கு,

நீ போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. சர்க்கரை மாத்திரையை நான் மறப்பதில்லை. திண்டிவனத்தில் நம் அச்சகம் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தத் தையில் கல்யாணப் பத்திரிகை வேலை நிறைய. பையன் ஓசூரிலிருந்து தினமும் போன் செய்கிறான். ஆனால் நலம் சொல்வதற்காக எழுத உட்காரவில்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது, ராணி. உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

போன வாரம் உன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை போன் செய்தார். "சார், புதுசா வந்த சயின்ஸ் டீச்சர் சனிக்கெழம பூச்சி கிளாஸைத் திரும்ப ஆரம்பிக்கலாம்னு சொல்றாங்க. ஜெயராணி டீச்சர் வச்சிருந்த லென்ஸெல்லாம் உங்க வீட்லதான் இருக்குதாம். பசங்க கேட்டுக்கினே இருக்காங்க."

இருந்தன. பூதக்கண்ணாடிகள் எல்லாம் உன் பச்சைத் துணிப்பையில் அப்படியே இருந்தன. உன் புடவைகளைக்கூட உன் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பையைக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. எத்தனை வருஷமாக என் சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்ட பிள்ளைகள்! இன்னும் என்ன வேண்டுமாம் அவர்களுக்கு?

பையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்று நினைத்துத்தான் சனிக்கிழமை காலை ஒலக்கூர் பக்கம் உன் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறினேன். கேட்டைத் தாண்டுவதற்குள், "பூச்சி டீச்சர் வீட்டுக்காரரு வந்துட்டாரு!" என்று ஒரு கூட்டமே ஓடிவந்தது. எனக்கென்று ஒரு பெயர் இருப்பதாக அங்கே யாருக்கும் தெரியவில்லை. தமிழரசி என்று ஒரு பெண், ஏழாம் வகுப்பு, கேட்காமலேயே என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து, வாயால் ஊதி, துப்பட்டா ஓரத்தால் துடைத்தாள். உன் மூக்குக்கண்ணாடியை நீ துடைப்பாயே, அதே மாதிரி. எனக்கு வயிறு எரிந்தது.

"வாங்க சார், குடை புடிக்கலாம்" என்றாள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. புங்க மரத்துக் கிளைக்கடியில் ஒரு குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தாள். இன்னொரு பிள்ளை குச்சியால் கிளையைத் தட்டினாள். வண்டும் எறும்பும் பச்சைத் தத்துப்பூச்சியும் குடைக்குள் பொலபொலவென்று விழுந்தன.

"ஒரே கிளையில எத்தினி தினுசு பாருங்க சார். அந்தாண்ட மருந்தடிச்ச மல்லாட்டைக் கொல்லை ஓரமும் இதே மாதிரிதான் புடிச்சோம். ரெண்டே தினுசுதான் வுழுந்துச்சு."

"இது எறும்புதானே?" என்று ஒன்றைக் காட்டிக் கேட்டுவைத்தேன்.

"காலை எண்ணுங்க சார்!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். கண்ணாடி வைத்து எண்ணினேன். எட்டு. எறும்பு வேஷம் போட்ட சிலந்தியாம்.

ஆனால் என் கண் அதற்குள் குடையின் கைப்பிடிக்குப் போய்விட்டது. புதுச்சேரியில் நான் வாங்கித் தந்த கறுப்புக் குடை. பஸ்ஸில் விட்டுவிட்டேன் என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு சொன்னாயே, அதே குடை! இந்தப் பிள்ளைகளுக்காக என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாய்.

அடுத்து வகுப்புச் சுவரோரம் கூட்டிப்போனார்கள். புழுதியில் குட்டிக் குட்டியாகக் குழியானைக் குழிகள். "இங்கதான் சார் டீச்சர் குப்புறப் படுத்துக்கினு பாப்பாங்க. எறும்பு சறுக்கி வுழுந்தா குழியான மண்ண வாரி அடிக்கும். அதப் பாத்துட்டு டீச்சர் வயித்தப் புடிச்சிக்கினு சிரிப்பாங்க. மூக்கெல்லாம் மண்ணு!"

முட்டிவலி என்று நம் வீட்டில் ஒரு நாளும் தரையில் உட்காராதவள் நீ. சிரிப்பு வந்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்கிறவள். இவர்களுக்குக் கிடைத்த அந்த ராணி யார்? எனக்கு ஏன் அவளைக் காட்டவில்லை?

தமிழரசி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வூட்லயும் டீச்சர் இப்டிதான் சிரிப்பாங்களா சார்?"

"இதுக்கு மேல சிரிப்பாங்கம்மா" என்றேன். தோற்க மனமில்லாமல் சொன்ன பொய்.

அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. "உங்களுக்கு இன்னா சார், தெனமும் பாக்கக் கெடச்சுது. நாங்க அந்தச் சிரிப்பப் பாக்க வாரத்துல ஒரு நாளுக்காகக் காத்துக்கினு கெடப்போம். அதுவும் மத்தியான பஸ்ஸு சத்தம் கேட்டா ஜல்தியா பையத் தூக்கிக்கினு ஓடிடுவாங்க. இன்னுங் கொஞ்ச நேரம் இருங்க டீச்சர்னு கெஞ்சுவோம். 'வூட்ல அவரு சாப்டாம காத்துக்கினு இருப்பாரு, நான் போவணும்'னு சொல்லிடுவாங்க. எங்களுக்கு உங்க மேல எவ்ளோ கோவம் தெரியுமா?"

சனிக்கிழமைகளில் நான் சாப்பிடாமல் இருந்தது காத்திருந்ததால் அல்ல, உன்மேல் வந்த கோபத்தால் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் அப்படிச் சொன்னாயா?

அந்த மத்தியான பஸ்ஸை நான் விட்டுவிட்டேன். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, "டீச்சர் வூட்ல இன்னா பண்ணுவாங்க, சொல்லுங்க சார்" என்று பிடித்துக்கொண்டார்கள். நீ பஸ்ஸில் தூங்கிப்போய், திண்டிவனத்தில் இறங்காமல் விழுப்புரம்வரை போனதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெபமாலை சொல்லும்போது பாதியில் கண்ணயர்ந்ததையும் சொன்னேன். தமிழரசி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். அவள் கண்ணில் இருந்தது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும், ராணி. அன்று முழுக்க என் கண்ணிலும் அதுதானே இருந்தது.

கிளம்பும் நேரத்தில் அவள்தான் கேட்டாள். "டீச்சருக்கு எந்தப் பூச்சியப் பாத்தாச்சும் பயமா சார்?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நம் குளியலறையில் கரப்பான்பூச்சி பறந்த அன்று நீ என்ன செய்தாய் என்பது. சொல்லியிருந்தால் பள்ளிக்கூடமே கலகலத்துப் போயிருக்கும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். "பயமா? உங்க டீச்சருக்கா?" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வருகிற சனிக்கிழமையும் போகிறேன். அவர்களுடைய ராணியை அவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். என்னுடையவளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறேன். ஆனால் அந்த ஒன்றை மட்டும் யாருக்கும் தரமாட்டேன். அழுது கேட்டாலும் தரமாட்டேன். இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்கும் இல்லை. அது எனக்கு. சத்தியம்.

பொறாமை இன்னும் தீராத
உன் வீட்டுக்காரன்,
அந்தோணி