சுவருக்குச் சொன்ன கதை

தங்கச்சி,

நேற்று காலை இந்த வருஷத்துக் குளிர் வந்துவிட்டது. ஜன்னலோர ஹீட்டர் குழாயில் ஆவி ஏறி, டக், டக் என்று தட்ட ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் என்னை அறியாமல் ‘உம்’ என்றேன்.

“யார்கிட்ட மாமா பேசுறீங்க?” என்றாள் மருமகள். “இந்தச் சத்தம் தாங்கல. பில்டிங் ஆபீஸ்ல கம்ப்ளைன்ட் பண்ணப்போறேன்.”

“பண்ணாதம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் இதை எழுதுகிறாள்.

மகன் என்னை ஜெர்சி சிட்டிக்குக் கூட்டிவந்த முதல் குளிர்காலம். கட்டடத்துக்கு அடியில் துணி துவைக்கும் மெஷினை நீ எட்டி உதைத்துத் திட்டிக்கொண்டிருந்தாய், சுவாஹிலியில். வாலிபத்தில் மொம்பாசா துறைமுகத்தில் கப்பல்காரர்களுக்குச் சமைத்துப் போட்டபோது நான் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே திட்டுகள். “அமெரிக்கா மெஷின் தங்கச்சி, நம்ம திட்டு அதுக்கு உறைக்காது” என்று உன் பாஷையிலேயே சொன்னேன். ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாய். சிரிக்கிறாய் என்று நினைத்தேன்.

நீ கதை எழுதுகிறவள் என்பது பிறகுதான் தெரிந்தது. உன் நாட்டு அரசாங்கத்துக்குப் பிடிக்காததை எழுதி ஜெயிலுக்குப் போனவள். வெளியே வந்ததும், இனித் திரும்ப முடியாது என்று தெரிந்தே ஓடிவந்தவள். எங்கள் வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு காகிதங்களோடு உன் மாடி வீட்டிலிருந்து இறங்கி வருவாய். நான் டீ போடுவேன். நீ வாசிப்பாய். நான் உம் கொட்டுவேன்.

“ஏன் அண்ணாச்சி, மாடு மாதிரி உம் உம்ங்கிறீங்க?” என்று முதல் நாள் கேட்டாய். அண்ணாச்சி என்ற சொல் நான் உனக்குக் கொடுத்தது.

“எங்க தூத்துக்குடிப் பக்கம் கதை கேக்கவன் உம் கொட்டணும். நிறுத்திட்டா, தூங்கிட்டான்னு அர்த்தம். சொல்லுதவளும் நிறுத்திரணும்.”

நீ சிரிக்கவில்லை. குழாய் ஒரு தட்டு தட்டியது. விலுக்கென்று சுவரைத் திரும்பிப் பார்த்தாய். அப்போதுதான் சொன்னாய். ஜெயிலில் காகிதம் தர மாட்டார்கள். சுவரில் வாயை வைத்துக் கதை சொல்வாய். அடுத்த அறையில் ஒரு பெண், ஒவ்வொரு வரி முடிந்ததும் ஒரு தட்டு தட்டுவாள். அவள் முகத்தை நீ பார்த்ததில்லை, பேரும் தெரியாது. ஒரு நாள் பாதிக் கதையில் தட்டு வரவில்லை. நீ மேலே சொல்லவில்லை.

“இங்கே மேசை நிறையக் காகிதம் இருக்கு, அண்ணாச்சி. அங்கே நான் என்ன சொல்றேன்னு ஒட்டுக்கேக்க ஒரு போலீஸ்காரனாவது இருந்தான்.”

இருவரும் சிரித்தோம். ஒருத்தரை நாட்டைவிட்டு ஓடவைப்பது என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வாயைக் கட்ட வேண்டியதில்லை. கேட்கிற காது இல்லாத இடத்துக்கு விரட்டிவிட்டால் போதும்.

அந்தப் பாதிக் கதையைத்தான் நீ இங்கே எழுத உட்கார்ந்தாய். அவள் கேட்ட இடம்வரை தடையில்லாமல் வரும். அங்கே வந்ததும் பேனாவை வைத்துவிடுவாய். “முடிச்சுட்டா, அவ செத்துட்டான்னு நானே சொன்னமாதிரி ஆயிடும்.” முடிக்காமல் சாகவும் உனக்கு மனசில்லை. அதற்குள் தொண்டையில் கட்டி வந்தது. கழுத்தைத் தொட்டுக் காட்டி, “பாத்தீங்களா, எங்க அரசாங்கம் இவ்வளவு தூரம் தேடி வந்துடுச்சு” என்றாய்.

ஆபரேஷனோடு குரல் போயிற்று. பேனா பிடிக்கவும் தெம்பில்லை. மகன் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். என்னைப் பார்த்ததும் உன் உதடுகள் அசைந்தன, சத்தமில்லாமல். பிறகு கட்டில் கம்பியில் விரலால் ஒரு தட்டு.

உம், என்றேன்.

மறுபடி உதடு அசைந்தது. மறுபடி தட்டு. உம்.

“என்னப்பா பண்றீங்க?” என்றான் மகன்.

“கதை கேக்கேன். சும்மா இரு.”

ஜன்னல் வெயில் உன் கால்மாட்டிலிருந்து சுவருக்கு ஏறும்வரை சொன்னாய். கடைசியில் தட்டவில்லை. உள்ளங்கையை என் கைமேல் விரித்து வைத்தாய். அந்த வாரமே போய்விட்டாய்.

நீ பாடம் நடத்திய காலேஜிலிருந்து வந்தார்கள். “எழுதினது பாதியில நிக்குதாம் மாமா. முடிவு உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறாங்க” என்றாள் மருமகள்.

“அவ முடிச்சுட்டான்னு சொல்லு.”

“எப்படி முடிச்சாங்களாம்?”

வாயைத் திறந்தேன். மொம்பாசாவில் வாங்கிய திட்டு ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. நீ வாசித்த கதைகள் வரி மாறாமல் இருக்கின்றன. கடைசிவரை கேட்ட அந்த ஒன்றில் மட்டும், எடுத்துக் கொடுக்க என்னிடம் ஒரு சொல் இல்லை. நான் கொட்டிய உம் மட்டும்தான் இருக்கிறது.

குழாய் தட்டுகிறது. மருமகள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

உம், தங்கச்சி.